மதகை அலகாகக் கொள்ளுங்கள்: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உறுப்பினர் செயலர் அவர்கள், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், எழும்பூர், சென்னை.
நகல்: நீர்வளத் துறை; பதிவுத் துறை; குன்றத்தூர் வட்டாட்சியர் அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2022 அக்டோபரில் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இந்தப் பரப்புக்கு 2046 வரை செல்லுபடியாகும் மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். குன்றத்தூர், சோமங்கலம், மணிமங்கலம், படப்பை வட்டாரங்களில் ஏரித் தண்ணீரை நம்பி இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று குடும்பமாகப் பயிர் செய்பவர்கள் நாங்கள். இந்தத் திட்டத்தில் எங்களுக்கு இருக்கும் முதல் கோரிக்கை ஒன்றுதான். விளைநிலத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது சர்வே எண்ணை அலகாகக் கொள்ளாதீர்கள். ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் மதகை அலகாகக் கொள்ளுங்கள். ஒரு மதகின் கீழ் எவ்வளவு நிலம் பாய்கிறதோ அது முழுவதையும் ஒன்றாகப் பாருங்கள்.

இன்று நடப்பது வேறு. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 32(4) பிரிவின்கீழ் ஒருவர் தன் சர்வே எண்ணுக்கு நிலப் பயன்பாட்டு வகைப்பாடு மாற்றம் (விளைநிலத்தை மனையாக்குவது போல) கேட்கிறார். அந்த எண்ணுக்குச் சாலை உண்டா, அது நீர்நிலைப் புறம்போக்கா, பக்கத்தில் என்ன வகைப்பாடு என்று பார்க்கப்படுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் அனுமதி கிடைத்துவிடுகிறது. காகிதத்தில் அந்த மூன்று ஏக்கர் மட்டும் மாறுகிறது. தரையில் அதற்குக் கீழே இருக்கும் முப்பது ஏக்கருக்குத் தண்ணீர் வரும் வழியும் வடியும் வழியும் மாறிவிடுகின்றன. அந்த முப்பது ஏக்கர்க்காரர்கள் யாரும் எதையும் விற்கவில்லை. ஆனாலும் நான்கைந்து பயிர்ப் பட்டத்துக்குள் அவர்கள் நிலம் கோரை மண்டிக் கிடக்கும். பிறகு "இது தரிசு, பயிர் இல்லை" என்று கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் ஏறும். அடுத்த வகைப்பாடு மாற்றத்துக்கு அந்த அடங்கலே ஆதாரமாகிவிடும்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதைத் தரையிலிருந்து சொல்கிறோம்.

ஏரி மதகிலிருந்து புறப்படுவது தலைக்கால். அதிலிருந்து கிளைக்கால்கள், கிளைக்காலிலிருந்து ஒன்று அல்லது இரண்டு அடி அகலமுள்ள கண்ணி வாய்க்கால்கள். கண்ணி வாய்க்கால் முடிந்த இடத்திலிருந்து தண்ணீர் கழனிக்குக் கழனி மடை வழியாக இறங்குகிறது. கடைசிக் கழனியில் மிஞ்சுவது வடிகாலில் விழுந்து அடுத்த ஏரிக்குப் போகிறது. எங்கள் பக்கத்து ஏரிகள் இப்படித்தான் சங்கிலியாக அமைந்து, கடைசியில் அடையாற்றில் சேர்கின்றன. இவற்றில் தலைக்காலும் சில கிளைக்கால்களும்தான் சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்பட நகலில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கும். கண்ணி வாய்க்கால்கள் பட்டா நிலத்துக்குள் ஓடுபவை. அவற்றுக்குத் தனி எண் கிடையாது. கழனிக்குக் கழனி இறங்கும் மடைக்கு எந்தப் பதிவும் இல்லை. அறுவடைக்குப் பின் வண்டி போகும் வழியும் அப்படியே. பக்கத்து நிலத்துக்காரரின் வாய்ச் சம்மதத்தில் பல தலைமுறை நடந்த ஏற்பாடு அது. உங்கள் அலுவலகத்துக்கு வரும் வரைபடத்தில் இவை தெரியாது. அதனால் இவற்றைக் காக்கும் நிபந்தனையும் அனுமதி ஆணையில் வருவதில்லை.

மனைப்பிரிவு வரும்போது முதலில் கை வைக்கப்படுவது கண்ணி வாய்க்காலில்தான். சாலை குறுக்கே வருவதால் அந்த இடத்தில் ஒரு ஹ்யூம் (கான்கிரீட்) குழாயைப் புதைத்து மூடுகிறார்கள். பெரும்பாலும் ஓரடி விட்டமுள்ள குழாய். பாசனத் தண்ணீர் மெல்ல வரும்போது அது போதும் என்றுதான் தோன்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் உண்மை தெரியும். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 10 செ.மீ. மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். நூறு ஏக்கர் வடியும் இடத்தில் 4 கோடி லிட்டர். ஐந்நூறு அடிக்கு ஓரடி சரிவு கிடைத்தால்கூட, ஓரடிக் குழாய் நிறைந்து ஓடும்போது வினாடிக்குச் சுமார் 43 லிட்டர்தான் தள்ளும். அந்த நூறு ஏக்கர் வடிய 10 நாளுக்கு மேல் ஆகும். முழுக்க மூழ்கிய சாதாரண நெல் ரகம் ஒரு வாரத்தைத் தாண்டாது. பூக்கும் பருவமாக இருந்தால் இரண்டு மூன்று நாளே அதிகம்.

அதே இடத்தில் இரண்டடிக் குழாய் போட்டிருந்தால் ஓட்டம் இரண்டு மடங்கு அல்ல, ஆறு மடங்கு கூடும். இரண்டு நாளுக்குள் வடிந்துவிடும். நான்கடி அகலம், இரண்டடி ஆழத்தில் திறந்த மண் வாய்க்காலாகவே விட்டு, சாலைக்கு மட்டும் அதே அகலத்தில் சிறுபாலம் கட்டினால் ஒரே நாளில் வடியும். செலவு வித்தியாசம் ஒரு மனையின் விலையில் சிறு பங்குகூட இருக்காது. குழாயில் இன்னொரு சிக்கலும் உண்டு: அடைப்பு. பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரையும் வாயில் சிக்கினால் எடுக்க வழி இல்லை. திறந்த வாய்க்காலை ஒரு மண்வெட்டி போதும், அரை நாளில் சுத்தம் செய்துவிடலாம். புதைத்த குழாயைத் தோண்ட வேண்டுமென்றால் தார்ச்சாலையை உடைக்க வேண்டும். அதற்கு யார் அனுமதி தருவது என்பதற்குள் பயிர் அழுகிவிடும்.

குழாயின் அடிமட்டம் அளவைவிட முக்கியம். மேல்பக்க வாய்க்காலின் தரையைவிட அரை அடி உயரத்தில் குழாயைப் பதித்தால், அந்த அரை அடித் தண்ணீர் என்றைக்கும் வடியாது. மண் காயாது, உழவு இயந்திரம் இறங்காது, அடுத்த நவரைப் பட்டத்துக்கு நாற்று விட முடியாது. ஒப்பந்தக்காரர் சாலை மட்டத்தை வைத்து அளந்து குழாய் பதிப்பதால்தான் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வாய்க்கால் தரையில்தான் லெவல் எடுக்க வேண்டும்.

அடுத்தது மண் நிரப்புவது. மனைகளைக் கழனி மட்டத்திலிருந்து மூன்றடி, நான்கடி உயர்த்தி கிராவல் கொட்டுகிறார்கள். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் 10 செ.மீ. மழை பெய்து, அதில் பாதி மட்டும் பக்கத்து ஒரு ஏக்கர் கழனியில் இறங்கினாலே, அந்தக் கழனியில் தன் பங்கு மழைக்கு மேல் இன்னும் 25 செ.மீ. ஏறும். முன்பு அந்த ஐந்து ஏக்கரும் கழனியாக இருந்தபோது வரப்புக்குள் அந்த நீரைத் தானே தாங்கியது. ஓரடி வரப்பு கட்டிய கழனியில் வழக்கமாக நிறுத்தும் தண்ணீர் போக இன்னும் 20 செ.மீ. பிடிக்கும்; ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர். ஆயிரம் ஏக்கரில் 80 கோடி லிட்டர், பொறியாளர் கணக்கில் ஏறத்தாழ 28 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அவ்வளவு மழையை எங்கள் கழனிகள் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அடையாற்றின் தலைப்பில் இருக்கும் ஒவ்வொரு ஏக்கர் வரப்பும் அந்த வெள்ளத்தைச் சில மணி நேரமாவது தாமதப்படுத்தும். அந்தச் சில மணி நேரம் கீழே இருப்பவர்களுக்கு வேண்டும்.

ஏரியின் உள்வாய்ப் பக்கமும் இதே அவசரத்தோடு கவனிக்க வேண்டியது. நீர்ப்பிடிப்பை ஒட்டிய பட்டா நிலங்களில் மனை போட்டால், ஏரி நிறையும் ஆண்டில் அங்கே தண்ணீர் ஏறும். குடிவந்தவர்கள், ஏரியின் மிகுதி நீர் வழியும் கலங்கலின் உயரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள். பிள்ளை குட்டிகளோடு தண்ணீரில் நிற்பவர்கள் கேட்பது இயல்பு. ஆனால் ஏரியில் மேல் ஓரடிதான் பரப்பில் மிக அகலம். அடியில் இருக்கும் ஓரடியைவிடப் பல மடங்கு கொள்ளும். கலங்கலில் ஓரடி போனால் தை முதல் சித்திரை வரை நவரைக்கு வேண்டிய தண்ணீர் போய்விடும். இந்தச் சண்டையில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. அது வராமல் தடுக்கும் இடம் மனை அனுமதி மட்டும்தான். முழு நீர்மட்டக் கோட்டுக்குள் வரும் பட்டா நிலத்துக்கு மனை அனுமதி தரக் கூடாது.

வழி பற்றி. நெல் அறுவடை இயந்திரம் உள்ளே வர 12 அடி அகல வழி வேண்டும். திருப்பத்தில் 20 அடியாவது விட வேண்டும், இல்லையென்றால் லாரியிலிருந்து இறக்கிய இயந்திரம் வளையாது. மூன்று பக்கம் கம்பவுண்டு சுவர் எழுந்த கழனிக்குள் இன்று ஆளை வைத்துத்தான் அறுக்க வேண்டும். அறுக்க ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது ஊரறிந்தது. சம்மதத்தால் மட்டும் அல்லாமல் உரிமையாகவே இருபது ஆண்டு தடையின்றி நடந்த வழிக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் உரிமை தருகிறது. அதை நிலைநாட்டச் சிவில் வழக்குப் போட்டுக் காத்திருந்தால் பல பட்டம் போய்விடும். மனை வரைபடத்திலேயே அந்த வழியை வரைந்து, பொதுவழியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னால் வழக்கே தேவையில்லை.

குடியிருப்பு வந்தபின் வரும் தொல்லைகளில் கழிவுநீர்தான் பெரிது. தொட்டி நிறைந்து வழியும் நீரும் குளியலறை நீரும் வாய்க்காலில் விழுந்தால் தொடக்கத்தில் பயிர் கருகருவென்று ஓங்கும். பார்ப்பவர் நல்ல பயிர் என்பார். தழைச்சத்து மிஞ்சிய பயிர் அது. தண்டு மெலிந்து, புகையான் பூச்சியும் குலைநோயும் பிடித்து, பால் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். சோப்பு உப்பு மண்ணில் சேர்வது அதைவிட நீண்ட நாள் கேடு. பாசன நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குள் இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் நெல்லுக்கு ஆகாது. கையடக்கக் கருவியால் வாய்க்கால் கரையிலேயே அளக்கலாம். குடியிருப்புச் சங்கங்களும் உள்ளாட்சியும் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

சின்ன விஷயமாகத் தெரியும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எல்லைத் தெருவின் எல்.இ.டி. விளக்குக் கழனிப் பக்கம் ஒளி வீசினால், பகல் குறையும்போது கதிர்விடும் நெடுநாள் சம்பா ரகங்கள் விளக்கடியில் கதிர் தள்ளாமல் பச்சையாகவே நிற்கும். மற்ற இடம் அறுவடைக்கு வந்திருக்கும். இயந்திரம் ஒரே நாளில் இறங்குவதால் பச்சை மணி கலந்து ஈரப்பதம் ஏறிவிடும். அரசு கொள்முதல் நிலையத்தில் வரம்பு 17 விழுக்காடு. விளக்கின் பின்பக்கம் ஒரு தகர மறைப்பு வைத்தால் போதும், இது தீர்ந்துவிடும். உடைந்த மது பாட்டில்களுக்கு அப்படி எளிய தீர்வு இல்லை. சேற்றில் வெறுங்காலோடு பின்னோக்கி நடந்து நாற்று நடும் பெண்கள் அந்தக் கழனியில் ஒருமுறை காலைக் கிழித்துக்கொண்டால் மறுபட்டம் வரமாட்டார்கள். மனைப்பிரிவின் கழனிப் பக்க எல்லையில் ஆளுயரக் கம்பிவலை வேலியும், அதை ஒட்டி நொச்சி அல்லது ஆடாதொடை வரிசையும் வேண்டும். தென்னையும் தேக்கும் வேண்டாம். நிழல் விழும் இடத்தில் நெல் பதராகும்.

இனி, திட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது.

ஒரு மதகின் கீழ் பாயும் நிலம் முழுவதும்தான் ஆயக்கட்டு; அதன் எல்லையை வரைய புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. மூன்று பழைய ஆவணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் போதும். ஆங்கிலேயர் காலத்தில் 1883-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின் மெமாயர் ஏடுகளில் ஒவ்வொரு ஏரிக்கும் முழு நீர்மட்டம், கலங்கல் நீளம், மதகுகளின் அடிமட்டம், ஆயக்கட்டு ஏக்கர் எல்லாம் உள்ளன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகளுக்கு நீர்வளத் துறையிடம் கேளுங்கள். அதற்குக் குறைந்த ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்திடம் இருந்தவை. கிராம 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு நன்செய் சர்வே எண்ணுக்கும் எந்த ஏரிப் பாசனம் என்று எழுதியிருக்கும். மூன்றாவது புலப்பட நகல். இவை மூன்றிலும் இல்லாத கண்ணி வாய்க்கால்களையும் வடிகால்களையும் மட்டும் ஊர் நீர்கட்டியை அழைத்துக்கொண்டு நடந்து குறிக்க வேண்டும். மதகு எப்போது திறக்கும், எந்த மடையில் எவ்வளவு நேரம் பாயும் என்று அறிந்தவர் அவர். பல ஊர்களில் அந்த வேலையைச் செய்பவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். இதைத் தள்ளிப் போட முடியாது.

அப்படிக் கிடைக்கும் மதகுவாரி வரைபடத்தில், பாதிக்கு மேல் இன்றும் பயிராகும் ஆயக்கட்டுகளை முதல் வகையாகப் பிரியுங்கள். அவற்றுக்குள் தனித்தனி சர்வே எண்ணுக்கு வகைப்பாடு மாற்றம் கூடாது. பாதிக்குக் கீழே போனவற்றில் மாற்றம் வரட்டும். ஆனால் வாய்க்காலின் அகலமும் அடிமட்டமும் மனை வரைபடத்தில் எண்ணாக எழுதப்பட வேண்டும், திறந்த வாய்க்காலாகவே இருக்க வேண்டும், பணி முடிந்ததும் நீர்வளத் துறை லெவல் எடுத்துச் சரிபார்த்த பின்னரே மனை விற்பனைக்குப் பதிவு திறக்க வேண்டும். மனைப்பிரிவில் பூங்காவுக்கு விடும் 10 விழுக்காடு திறந்தவெளியை மூலையில் ஒதுக்காமல் வாய்க்காலின் இரு கரையிலும் பட்டையாக விடச் சொல்லுங்கள். வெள்ளம் பரவ இடமும் கிடைக்கும், தூர்வார இயந்திரம் நிற்க இடமும் கிடைக்கும். வாய்க்கால் செத்து, நான்கு பக்கமும் சுவர் எழுந்துவிட்ட தனிக் கழனிகளை எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த முயற்சியை உயிரோடு இருக்கும் மதகுகளில் போடுங்கள்.

தடை மட்டும் போட்டால் குடும்பம் தாங்காது என்பதையும் திறந்து சொல்கிறோம். மூன்று ஏக்கரை நான்கு பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது, சதுர அடிக் கணக்கில் விலை போகும் நிலத்தை ஏக்கருக்கு 25, 30 மூட்டை நெல்லுக்காக வைத்துக்கொள் என்று எந்த அண்ணனும் தம்பியிடம் சொல்ல முடியாது. ஜப்பான் இந்தச் சிக்கலை நம்மைப் போன்ற சிறு நிலங்களை வைத்தே எதிர்கொண்டது. 1974-இல் கொண்டுவந்து 1990-களின் தொடக்கத்தில் திருத்திய உற்பத்திப் பசுமை நிலச் சட்டத்தின்படி, நகருக்குள் 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்ட்டுக்குச் சற்று மேல் இருந்தாலே பதிவு செய்யலாம். 30 ஆண்டு பயிர் செய்வதாக உறுதி தந்தால் மனை மதிப்புக்கு வரி போடாமல் விளைநில மதிப்புக்கே வரி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய மாண்ட்கோமரி மாவட்டம் 1980-இல் சுமார் 93,000 ஏக்கரை வேளாண் ஒதுக்கமாக அறிவித்து, அங்கே 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று கட்டுப்படுத்தியது. இழப்புக்கு ஈடாக 5 ஏக்கருக்கு ஒன்று வீதம் கட்டுமான உரிமையை வேறிடத்தில் கட்டுபவர்களுக்கு விற்க உழவர்களை அனுமதித்தது.

இதற்கான கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் விடுபவர்களுக்கு வேறிடத்தில் கூடுதலாகக் கட்டவோ பிறருக்கு விற்கவோ உதவும் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமைச் சான்று தருகிறீர்கள். முதல் வகை ஆயக்கட்டில், 30 ஆண்டு பயிர் மட்டும் என்று வில்லங்கச் சான்றில் ஏறும்படி எழுதிக் கொடுக்கும் குடும்பத்துக்கும் அதே சான்றைத் தாருங்கள். மெட்ரோ வழித்தடங்களில் கூடுதல் தளம் கட்ட விரும்புபவர்கள் அதை வாங்கட்டும். நிலத்தில் இருப்பவரிடமிருந்து பங்கை வாங்கிக்கொண்டு வெளியேற விரும்பும் அண்ணன் தம்பிகளுக்கு அந்தப் பணம் போகும், நிலம் துண்டாகாது. எழுதிக் கொடுத்த நிலத்துக்குப் பக்கத்து மனையின் வழிகாட்டி மதிப்பை வைக்காமல் நன்செய் மதிப்பையே வைக்கப் பதிவுத் துறையும், காலிமனை வரி போடாமல் இருக்க உள்ளாட்சியும் ஆணை வெளியிட வேண்டும்.

கிணற்று நீரை லாரிக்கு விற்பது பற்றிப் பல இடங்களில் கேள்வி வருகிறது. பயிரில் கட்டுப்படியாகாத குடும்பம்தான் தண்ணீரை விற்கிறது. மேலே சொன்ன வருமானம் வந்தால் அது தானாகவே குறையும். கிணற்று நீரிலேயே பயிர் கட்டுப்படியாகும் என்பதற்குக் கீரை நல்ல எடுத்துக்காட்டு. சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும், பறித்த சில மணி நேரத்தில் வாடும்; தொலைவிலிருந்து கொண்டுவர முடியாத பயிர். நகரத்து அருகாமை இதில் எங்களுக்கு லாபமே.

கடைசியாக, அறிவிப்பு. வகைப்பாடு மாற்ற விண்ணப்பங்களை நாளிதழில் வெளியிடுகிறீர்கள். அதே அறிவிப்பை ஊர் ரேஷன் கடையிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கியிலும் ஒட்டுங்கள். சர்வே எண்ணோடு ஏரியின் பெயரும் மதகின் பெயரும் இருக்கட்டும். "பெரிய ஏரி, நடு மதகு" என்று எழுதியிருந்தால் யாருக்குப் பாதிப்பு என்று படித்தவுடன் தெரிந்துவிடும்.

அளக்கும் காலம் பற்றி ஒரு வேண்டுகோள். நவரை அறுத்தபின் சித்திரை, வைகாசியில் கழனி காய்ந்திருக்கும்; வாய்க்கால் தரையிலும் வரப்பிலும் லெவல் எடுக்க அதுவே ஏற்ற நேரம். கிணற்றுப் பாசனத்தில் சொர்ணவாரிப் பட்டம் போட்ட கழனிகளை மட்டும் வரப்பு வழியே சுற்றி அளக்கலாம். குறித்ததைக் கார்த்திகையில் ஒருமுறை, தண்ணீர் ஓடும்போது நடந்து சரிபார்க்க வேண்டும். அப்போதுதான் புதைந்த குழாய்களும் அடைபட்ட மடைகளும் வெளிப்படும். இரண்டு முறையும் உங்கள் அளவையர்களோடு ஒவ்வொரு மதகுக்கும் ஆயக்கட்டுக்காரர் இருவர் வருவார்கள். தேதியை ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
குன்றத்தூர், சோமங்கலம், மணிமங்கலம், படப்பை வட்டார ஆயக்கட்டு உழவர்கள்